சட்டைப் பையில் மூன்று நாள்

உ

இராமகிருஷ்ண வீதி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.
17.09.2025, புதன்கிழமை.

அன்புள்ள மகள் மேனுகா அறிவது,

நீயும் மருமகன் தேனுஜனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அடுத்த வரியாக நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை தன்பாட்டில் போகிறது, ஐம்பது வருசப் பழக்கம், ஆனால் இந்தமுறை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் அது உண்மையில்லை. ஒரு நாள் தவறாமல் போனில் கதைக்கிற மனுசனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். போனில் நீ என்னப்பா என்று ஒருதரம் கேட்டால் போதும், நான் மழையைப் பற்றியோ கனடாவில் இருக்கிற மகன் லவனின் பிள்ளையின் பல்லைப் பற்றியோ கதையை மாற்றிவிடுவேன், அது உனக்கும் தெரிந்ததுதான். காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது. தபால் கந்தோரில் கேட்டேன், ஒஸ்லோவுக்குப் போக இரண்டு கிழமையோ மூன்று கிழமையோ ஆகுமாம். அதற்குள் நாளைக்கு இங்கே நடக்கவிருக்கிற காரியம் முடிந்து அதன் பலனையும் நீ போனில் அறிந்திருப்பாய். என்றாலும் இதைக் கடைசிவரை படி. இடையில் எழும்பி எனக்குப் போன் எடுக்காதே.

முதலில் வீட்டுப் புதினங்கள். லிப்ற் திரும்பவும் சனிக்கிழமையில் இருந்து பழுது, ஆள் வருவான் வருவான் என்று சொல்கிறார்கள், மூன்றாம் மாடியில் இருந்து அம்மாவால் இறங்க முடியாது, யன்னலடியில் சக்கர நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற அந்த ஒரு முழக் கடலைப் பார்த்தபடி இருக்கிறார். பொய்க்கால் போட்டு நடக்கிற பயிற்சி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆவணியில் குசினிவரை பிடிக்காமல் நடந்தார், இப்போது அதை நிறுத்தி வைத்திருக்கிறோம், காரணம் பிறகு சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் யோகராஜ் மாமாவுக்கு ஒரு கண் ஒப்பரேசன் முடிந்துவிட்டது, மற்றக் கண்ணுக்கு இப்ப என்ன அவசரம் என்று கேட்கிறாராம், உன் அம்மாவுக்குத் தம்பி என்று சொல்ல முடியாது, இழுத்தடிப்பதில் அத்தான் என்னைப்போலத்தான் வந்து வாய்த்திருக்கிறார். கட்டடக் குழுவில் என்னைச் செயலாளர் ஆக்கியது உனக்குத் தெரியும். படிக்கட்டுச் சுவருக்கு நிறம் தெரிவுசெய்கிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள், நான் இரண்டு மாதிரி பூசிக் காட்டச் சொன்னேன், சித்திரையில் பூசிய அந்த இரண்டு திட்டும் இன்னும் முதலாம் மாடிச் சுவரில் அப்படியே இருக்கின்றன, ஒன்று வெண்ணெய் நிறம், மற்றது ஒரு சொட்டு மஞ்சள் கூடின வெண்ணெய் நிறம். கீழ்வீட்டு மர்ஸூக் என்னைக் காணும்போதெல்லாம், என்ன அங்கிள், பேரப்புள்ளைகள் வந்துதான் கலர் சொல்லணுமா என்று பகிடி விடுகிறார். சிரித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவேன். வீட்டுக்குள் வந்தபிறகு அந்தச் சிரிப்பு நிலைப்பதில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். இந்த மாதத் தொடக்கத்தில் தேனுஜன் எனக்குப் போன் எடுத்தவர், நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. அவர்மேல் கோபப்படாதே, மனம் பொறுக்காமல்தான் எடுத்தவர். மாமா, அவ கடையில ஒரு பால் பெட்டி எடுக்க இருபது நிமிசம் நிக்கிறா, எடுத்ததைத் திரும்ப வைக்கிறா, வேலைத்தலத்துக்கு ஒரு சின்ன ஈமெயில் எழுதி அதை மூண்டு நாளா அனுப்பாமல் வைச்சிருக்கிறா என்று சொன்னார். மருந்தகத்தில் நீ குளிசைகளை ஐந்து தரம், ஆறு தரம் எண்ணி, சனம் வரிசையில் நின்று புறுபுறுத்து, கடைசியில் மருந்தகத்தாரே உன்னைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். நீ எங்களுக்கு லீவு எடுத்திருக்கிறேன் என்றுதான் சொன்னாய். பிறகு அவர் ஒரு விசயம் சொன்னார். நான் அண்டைக்குப் பொறுங்கோ எண்டு சொல்லாட்டி அம்மாவுக்குக் கால் இருந்திருக்கும் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாயாம், சொல்லிவிட்டு, இனி நான் எதைத் தெரிஞ்சாலும் அது பிழையாத்தான் போகும் என்கிறாயாம். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமோ? எல்லாம் விதி தம்பி, காலம் போகச் சரியாயிடும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், பிள்ளை. இப்படிப்பட்ட மனுசன்தான் உன் அப்பன்.

உன்னுடைய சொல்லால் அம்மாவின் கால் போகவில்லை. உனக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை, நடந்தது அதுதான். மாசி மாதம், பெப்ரவரி ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் விட்டோம், அதுவரை உனக்குத் தெரியும். அடுத்த நாள் திங்கட்கிழமை காலையிலேயே சத்திரசிகிச்சை டொக்டர் வந்து இடது காலைப் பார்த்தார். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துவிட்டது, சீனி வருத்தக்காரருக்கு இது நெருப்பு மாதிரி ஏறும், அந்த ஒரு விரலை உடனே எடுத்துவிட வேண்டும், அரை மணித்தியால வேலை என்றார். நேர்ஸ் பிள்ளை சம்மதப் படிவத்தில் பெயரும் திகதியும் தானே எழுதி அம்மாவிடம் நீட்டினா. அம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, அவரிட்டக் குடுங்கோ என்றார். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அவர் சொல்வது அதுதானே. நான் வாங்கினேன், வாசித்தேன், நாலாக மடித்துச் சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் வைத்தேன், கொஞ்சம் யோசித்துத் தருகிறேன் என்றேன்.

யோகராஜ் மாமாவிடம் கேட்டேன். அத்தான், நாளைக்குச் செவ்வாய், தைப்பூசமும், பூசமண்டைக்கு ஆராவது உடம்பில கத்தி வைப்பினமோ, புதனுக்குப் பாப்பம் என்றார். எனக்கு நாள் கோளில் பெரிய நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும், உன் கலியாணத்துக்குக்கூட அம்மாதான் பஞ்சாங்கம் பார்த்தவர், ஆனால் அன்றைக்கு மட்டும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, தைப்பூசம் எனக்கு ஒரு நாள் தவணை தந்தது. செவ்வாய் பின்னேரம் கோயில் திருநீறு கொண்டுபோய்ப் பூசினேன். அம்மா கண்ணைத் திறந்து, கையெழுத்து வைச்சிட்டீங்களோ என்று கேட்டார். ஓம், எல்லாம் நடக்குது, நீங்கள் படுங்கோ என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, என்றாலும் எழுதுகிறேன், ஓம் என்றுதான் சொன்னேன். புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. விடுமுறையானாலும் தான் செய்து தருகிறேன் என்று டொக்டர் சொன்னார், நான்தான், பிள்ளைகள் வெளிநாட்டில், ஒரு சொல்லுக் கேட்கவேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கேட்கவேண்டும் என்று சொன்னேனே தவிர அன்றைக்கும் உங்கள் இருவருக்கும் போன் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் ஏதாவது ஒன்றைச் சொல்வீர்கள், பிறகு நான் அதைச் செய்யவேண்டும். அந்த நேர்ஸ் பிள்ளை வாசலில் என்னைக் காணும்போதெல்லாம், அங்கிள், தாம அத்சன் களே நெத்த என்று சிங்களத்தில் கேட்பா, இன்னும் கையெழுத்து வைக்கவில்லையா என்று, நான் பையைத் தொட்டுக் காட்டுவேன், உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதுபோல.

வியாழக்கிழமை மத்தியானம் புதுக் கட்டுப் போட அவிழ்த்தபோது நானும் நின்றேன். விரல் மட்டும் இல்லை, பாதம் முழுக்க நிறம் மாறியிருந்தது, மணமும் வந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், திரும்பக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் பயத்தில் போனைத் தூக்கினேன். லவனுக்கு எடுத்தேன், ரொறன்ரோவில் காலமை, வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றான், மேனுகாவிட்டக் கேளுங்கோ, அவதானே மருந்து படிச்சவ என்றான். உனக்கு எடுத்தபோது இங்கே பின்னேரம் ஆறரை. டொக்டர் எப்பப்பா சொன்னவர் என்று நீ முதல் வேலையாகக் கேட்டாய். இண்டைக்குத்தான் பிள்ளை, இப்பத்தான் என்றேன். நீ நம்பினாய். அவசரப்படாதீங்கோ அப்பா, நாளைக்குக் காலமை மட்டும் பொறுங்கோ, எனக்குத் தெரிஞ்ச டொக்டருக்குப் படத்தை அனுப்பிக் கேட்டுச் சொல்லுறன் என்றாய். இன்றைக்குத்தான் சொன்னார்கள் என்று கேள்விப்படுகிற எந்தப் படித்த பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை காலை டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திங்கட்கிழமை கையெழுத்து வைத்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், புதன்கிழமை வைத்திருந்தாலும் பாதத்தின் ஒரு பகுதியோடு தப்பியிருக்கலாம், நேற்று மத்தியானம் நான் அவிழ்த்துப் பார்த்தபோதே கால் போய்விட்டது என்றார். நேற்று மத்தியானம், மேனுகா. நீ பொறுங்கோ என்று சொன்னது பின்னேரம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேறு படிவம் தந்தார்கள், அதில் நான் உடனே வைத்தேன், அதில் யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. விரலுக்குத் தந்த படிவத்தை ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. அது என் பையிலேயே கிடந்தது.

ஒப்பரேசன் முடிந்த கிழமை நாங்கள் எல்லாரும் வீடியோவில் கதைத்தோமே, அப்போது லவன், ஒரு நாள் பிந்தினதாலதான் இவ்வளவும் என்றான். அவன் உன்னைக் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை, கவலையில் சொன்னான். நீ வாயைப் பொத்திக்கொண்டு கமராவுக்கு வெளியே போனாய். போன் என் கையில்தான் இருந்தது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், நாலு நாள் தம்பி, அதில் மூன்றரை நாள் என்னுடையது என்று. சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது அடுத்த நாளும் சொல்ல முடியாமல் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. என்னுடைய பாரத்தை என் சொந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, அவள் ஏன் கூனிப்போனாள் என்று மருமகனிடம் விசாரித்தேன்.

நான் ஏன் இப்படி என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன். அரசாங்கத் திணைக்களத்தில் முப்பத்தேழு வருசம் கோப்பு எழுதினேன். ஒவ்வொரு கோப்பின் அடியிலும் என்னுடைய கடைசி வசனம் ஒன்றுதான், தங்கள் கட்டளைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. அதன் கீழே முழுக் கையெழுத்துக்கூட இல்லை, இரண்டு எழுத்துச் சுருக்கம். சேர்ந்த புதிதில் ஒருதரம் மேலதிகாரி இல்லாத நேரம் ஒரு கடிதத்துக்கு நானே கையெழுத்து வைத்து அனுப்பி, எட்டு மாதம் விசாரணைக்கு ஏறி இறங்கினேன். அந்தக் காலத்தில் ஒரு தமிழனுடைய கையெழுத்து ஒரு காகிதத்தில் இருந்தால் அந்தக் காகிதம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மேலே அனுப்பினேன், ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் ஓய்வு பெற்றேன், பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பிழைவிடாத மனுசன் என்று புகழ்ந்தார்கள். ஒன்றுமே செய்யாதவன் எப்படிப் பிழைவிடுவான். ஓய்வு பெற்றபிறகு மேலே யாரும் இல்லை, அந்த இடத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்தேன். குளிர்சாதனப்பெட்டி மாற்றுவதற்கும் கனடாவைக் கேட்கவேண்டும், திரைச்சீலைக்கும் நோர்வேயைக் கேட்கவேண்டும். வெள்ளவத்தையில் பாதித் தாய் தகப்பன்மாருடைய நிலை இதுதான், பிள்ளைகள்மேல் பாசம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம்.

இதைவிட ஒன்று இருக்கிறது. உன்னை இப்படி ஆக்கினதும் நான்தான் என்று நினைக்கிறேன். சின்னதில் நீ ஒரு கணக்கைச் செய்து துள்ளிக்கொண்டு கொண்டுவருவாய், சரியாகத்தான் இருக்கும், நான் பார்க்காமலே இன்னொருக்காப் பார் என்பேன். இன்னொருக்காப் பார்த்துக்கொண்டு வந்தால் திரும்பவும் இன்னொருக்கா. மூன்றாம் தரம் நீ சரியான விடையை அழித்துவிட்டுப் பிழையான விடை எழுதிக்கொண்டு வருவாய், நான் பார்த்தியோ என்பேன். அதைக் கவனம் என்று நினைத்தேன், பிள்ளையை நல்லாக வளர்க்கிறேன் என்று நினைத்தேன். குளிசையை ஆறு தரம் எண்ணுகிறாய் என்று தேனுஜன் சொன்னபோது எனக்கு என்னுடைய குரல்தான் கேட்டது.

இனி அம்மாவின் விசயம். போன வெள்ளிக்கிழமை கிளினிக் போனோம். வலது காலில் சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துவிட்டன. அதனால்தான் நடைப் பயிற்சியை நிறுத்தினோம். ஒரு கிழமைக்குள் இரண்டையும் எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார், அதே டொக்டர். வேறொரு நேர்ஸ் படிவத்தை நீட்டினா, அம்மா பழையபடி என் பக்கம் தலையை ஆட்டினார், என் கை நீண்டது, வாங்கியது, நாலாக மடித்தது, பையில் வைத்தது. மேனுகா, சத்தியமாக நான் அதை நினைத்துச் செய்யவில்லை. ஓட்டோவில் காலி வீதியில் வரும்போதுதான் பையின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு இருக்கிறேன் என்று கண்டேன். வீட்டுக்கு வந்து, போன வருசப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்த மாசி மாதப் படிவத்தையும் எடுத்து, இரண்டையும் அம்மாவின் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன், உனக்கு எழுதியிருப்பதைப்போல ஒழுங்காகச் சொல்லவில்லை, உளறினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுத் திகதியை வாசித்தார். அழவில்லை. முதலில் கேட்டது, மேனுகாவுக்குத் தெரியுமோ என்றுதான். இல்லை என்றேன். இரண்டு காகிதத்தையும் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார், என்ர காலைப் பற்றிக் கொட்டாஞ்சேனையைக் கேட்டீங்கள், கனடாவைக் கேட்டீங்கள், நோர்வேயைக் கேட்டீங்கள், கட்டில்ல கிடந்த என்னை ஒரு சொல்லுக் கேட்டீங்களோ? உங்களைப் பயப்படுத்தக்கூடாது என்று நினைத்தேன் என்றேன். அதுவும் பொய்தான், எனக்கு அவரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. நாற்பத்திரண்டு வருசம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்கப் போனேன், என்னட்ட மன்னிப்புக் கேக்கிறது பிறகு பாப்பம், முதல்ல அந்தப் பிள்ளைக்கு எழுதுங்கோ என்று சொல்லி நிறுத்திவிட்டார். பிறகு இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தால் சாப்பிட்டார், காலைத் துடைத்துக் கட்டினால் நீட்டினார், அவ்வளவுதான். வேறு ஒருவரிடம் போய்ச் சொல்லி ஆறுதல் தேடலாமா என்று பார்த்தேன், மர்ஸூக் வீட்டுக் கதவடிவரை இறங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலமை பேனையைத் தாங்கோ என்றார். இந்தமுறை நான் கேட்டேன், என்ன செய்வம் சரோ என்று. வெட்டட்டும், விரல்தானே என்றார். அவர் மீன் சந்தையில் நிற்பதை நீ பார்த்திருக்கிறாய், செவுளை ஒருதரம் தூக்கிப் பார்ப்பார், இது என்பார், அவ்வளவுதான், அடுத்த கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். சில நாள் வாங்கின மீன் பழுதாய்ப் பிழைத்துவிடும், நான் பார்த்தீங்களோ என்பேன், அவர் சட்டியோடு கொட்டிவிட்டு அன்றைக்குப் பருப்பு வைப்பார். அதை நான் கவனக்குறைவு என்று நினைத்திருக்கிறேன். மீன் பிழைத்தால் பருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை அது. அப்படிப்பட்ட மனுசி வீட்டில் இருக்க, பருப்பு வைக்க முடியாத ஒரே ஒரு விசயத்தை நான் என் பையில் போட்டேன். படிவத்தில் தமிழில் சரோஜினிதேவி என்று முழுப் பெயரையும் வட்ட வட்டமாக எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, சாட்சி எண்டு ஒரு இடம் கிடக்கு, அதில நீங்கள் வையுங்கோ, ஆரையும் கேக்காமல் என்றார். வைத்தேன். திங்கட்கிழமை காலமை எட்டு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வியாழக்கிழமை காலை ஒப்பரேசன். லிப்ற் சரிவராவிட்டால் மர்ஸூக்கும் அவருடைய தம்பியும் கதிரையோடு தூக்கி இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னுமொன்றையும் அம்மா சொன்னார், அதை நீ அறிந்திருக்க வேண்டும். விரலோட நிண்டால் சந்தோசம், இந்தக் காலையும் எடுக்கவேணும் எண்டு வந்தால் என்னைக் கேக்கவேணும், நான் ஓம் எண்டு சொல்லமாட்டன், இப்பவே அறிஞ்சு வைச்சிருங்கோ என்றார். சண்டை பிடிக்கவில்லை, சாதாரணமாகச் சொன்னார், உப்புக் காணாது என்று சொல்வதுபோல. அப்படி ஒரு நாள் வந்தால் அவர் சொன்னபடி நிற்க எனக்குத் துணிவு வருமோ தெரியவில்லை. நீங்கள் இரண்டுபேரும் என்னை விடுவீர்களோ என்றும் தெரியவில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு காகிதத்தை என் பைக்குள் வைக்கமாட்டேன், அது மட்டும் நிச்சயம். உங்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டாம், முடிந்தபிறகு சொல்வோம் என்பதும் அவருடைய விருப்பம்தான். ஒருவரும் ஒளித்ததாக நினைக்காதே.

வேலைக்குத் திரும்பிப் போகலாமா அப்பா என்று நீ போன கிழமையும் மெசேஜ் போட்டிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எனக்குப் பதில் தெரியாது என்பது ஒன்று, தெரிந்தாலும் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. அந்த மருந்தகத்தில் நிற்கப்போகிறவள் நீ, உன்னைக் கேள். இன்னொருக்காப் பார் என்று உனக்குச் சொல்லித் தந்ததை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குளிசையை இரண்டு தரம் எண்ணு, உன் தொழிலுக்கு அது வேணும். மூன்றாம் தரத்துக்குக் கை போகும்போது அது உன் கை இல்லை, என்னுடையது என்று நினைத்து மூடியை மூடு. பால் பெட்டி பிழைத்தால் அன்றைக்குப் பால் இல்லாமல் தேத்தண்ணி குடியுங்கள். படிக்கட்டுச் சுவருக்கு மஞ்சள் குறைந்ததைப் பூசச் சொல்லி இன்று காலை மர்ஸூக்கிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். கூடினதுதான் வடிவாக இருந்திருக்குமோ என்று படியேறும்போதே மனம் அரிக்கத் தொடங்கிவிட்டது, அரிக்கட்டும், சுவர்தானே.

நீ என்னில் ஆத்திரப்படுவாய், படவேண்டும். கொஞ்ச நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாலும் இரு, அம்மாவோடு மட்டும் கதைக்காமல் விடாதே. அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை, மன்னிப்பாரோ என்று நான் கேட்கவும் இல்லை. லவனுக்கு இதே விசயத்தை இன்று பின்னேரம் வேறாக எழுதுகிறேன், நீ அவனோடு சண்டைக்குப் போகாதே. புரட்டாதி பிறந்துவிட்டது, சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கு எரிக்க மறக்காதே, மறந்துபோனாலும் அதை நினைத்துப் பயந்துகொண்டு இராதே. காதை மூடித் தொப்பி போடு. தேனுஜன் பொறுமையான பிள்ளை, அவருக்கு என் அன்பைச் சொல். நல்லூர்க் கந்தன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், அம்மாவையும் நாளைக்கு அவன் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்துக்கு அந்த இரண்டு எழுத்துச் சுருக்கத்தை வைக்காமல் முழுக் கையெழுத்தே வைக்கிறேன்.

என்றும் உன் நன்மையை விரும்பும் அப்பா,
சின்னத்தம்பி தில்லைநாதன்

பி.கு.: மாசி மாதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலாக மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மெதுவாக விரி. மேலே நேர்ஸ் பிள்ளை எழுதின திகதியைப் பார், 10.02.2025, திங்கட்கிழமை. பிறகு கீழே கையெழுத்து வைக்கிற இடத்தைப் பார். அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது என்னுடைய பெயர், பிள்ளை. ஏழு மாதமாக நீ அதில் உன்னுடைய பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்.